எந்த வயரை உரிக்கலாம், எதை அப்படியே விற்கலாம்: பழைய செம்பு வயரைப் பிரிக்கும் முறை

வீட்டு வயரிங்கை மாற்றும்போது குழாயிலிருந்து உருவிப் போட்ட 2.5 சதுர மி.மீ. ஒற்றை வயர் ஒரு கிலோ இருந்தால், அதில் ஏறக்குறைய 700 கிராம் செம்பு. மின்விசிறியிலும் மின்சாரச் சோற்றுப் பானையிலும் வெட்டி எடுத்த மூன்று இழை வயர் (ஒரே வெளித்தோலுக்குள் மூன்று சிறு வயர்) ஒரு கிலோ இருந்தால் 330 கிராம்தான். இரண்டும் ஒரே சாக்கில் கிடந்தால் கடைக்காரர் மட்டமானதன் விலையைத்தான் சாக்கு முழுவதற்கும் போடுவார். ஆகவே கத்தியை எடுப்பதற்கு முன் செய்யவேண்டியது பிரிப்பது. எதை உரிப்பது, எதைத் தொடாமல் விற்பது என்ற முடிவுதான் காசு. கை வேகம் அதற்கு அடுத்துத்தான்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: வயர் யாருடையது? சொந்த வீட்டில் கழற்றியது, வயரிங் கொந்திராக்டர் கொடுத்தது, கடையைக் காலி செய்தவர் எடுத்துக்கொள்ளச் சொன்னது என்றால் சரி. கொடுத்தவரிடம் ஒரு வரி எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தெருக்கம்பத்து வயர், டெலிகாம் நிறுவனத்தின் பசை நிரப்பிய தொலைபேசி கேபிள், துணைமின் நிலையத்துத் தரைக்கம்பி போன்றவற்றை யார் கொண்டுவந்து கொடுத்தாலும் தொடவேண்டாம். மலேசியாவில் 1946ஆம் ஆண்டின் பழம்பொருள் வணிகர் சட்டப்படி கடைக்காரர் உரிமம் வைத்திருக்க வேண்டும், வாங்கும் பொருளுக்குப் பதிவும் வைக்க வேண்டும். மைகாட் அடையாள அட்டையைக் கேட்காமல், எதையும் எழுதாமல் வாங்கும் கடை நாளைக்கு உங்களையும் சிக்கலில் இழுத்துவிடும்.

ஒரு மீட்டர் சோதனை

கையில் இருக்கும் ஒவ்வொரு வகை வயரிலும் சரியாக ஒரு மீட்டர் வெட்டுங்கள். கிராம் காட்டும் சமையல் தராசில் நிறுங்கள். தோலை உரித்துவிட்டுச் செம்பை மட்டும் நிறுங்கள். செம்பின் எடையை முழு எடையால் வகுத்தால் அந்த வகையின் செம்பு விகிதம் கிடைக்கும். ஐந்து நிமிட வேலை. கடையில் யாரும் உங்களை ஏமாற்ற முடியாமல் செய்வது இந்த ஒரு எண்.

செம்பின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 8.96 கிராம். அதனால் 1 சதுர மி.மீ. கம்பி ஒரு மீட்டர் நீளத்தில் சுமார் 9 கிராம் இருக்கும். விளக்குக்குப் போகும் 1.5 வயரில் மீட்டருக்கு 13 கிராம், பிளக்குக்குப் போகும் 2.5-இல் 22 கிராம், மெயினுக்கு வரும் 16-இல் 143 கிராம். நிறுத்துப் பார்க்கும்போது இதைவிட நன்றாகக் குறைந்தால் கம்பி பெயருக்கேற்ற கனம் இல்லை, அல்லது செம்பே இல்லை. முழு எடையில் செம்பின் பங்கு 1.5-இல் மூன்றில் இரண்டு, 2.5-இல் பத்தில் ஏழு, 16-இல் பத்தில் எட்டு என்ற அளவில் வரும். தயாரிப்பாளரைப் பொறுத்துக் கொஞ்சம் ஏறும், இறங்கும்.

இனி கணக்கு. செம்பு விகிதத்தை உரித்த செம்பின் விலையால் பெருக்குங்கள். அதிலிருந்து உரிக்காத வயரின் விலையைக் கழியுங்கள். மிஞ்சுவது, ஒரு கிலோ வயரை உரித்ததற்கு உங்களுக்குக் கிடைக்கும் கூலி. கணக்குக்காக உரித்த செம்பு கிலோ 40 வெள்ளி (ரிங்கிட்), உரிக்காத 2.5 வயர் 24 வெள்ளி என்று வைப்போம். 0.70 × 40 = 28. கழித்தால் 4 வெள்ளி. டிரில்லில் ஓடும் சிறு இயந்திரத்தில் மணிக்கு 12 கிலோ போனால் 48 வெள்ளி. அதே கணக்கில் மூன்று இழை வயரை வையுங்கள். உரித்த மெல்லிய இழைச் செம்புக்கு 38 வெள்ளி, உரிக்காமல் விற்றால் 11 வெள்ளி. 0.33 × 38 = 12.54, மிஞ்சுவது 1.54. வெளித்தோலை உரித்து, உள்ளே மூன்றையும் தனித்தனியாக உரித்தால் மணிக்கு 3 கிலோ தாண்டுவது கடினம். அது மணிக்கு 4 வெள்ளி 62 காசு. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமே மணிக்கு 8 வெள்ளி 72 காசு. இப்படிப்பட்ட வயரைப் பிளக்கை மட்டும் வெட்டிவிட்டு அப்படியே விற்பதுதான் புத்தி. பிளக்கின் உள்ளே இருக்கும் பித்தளைக் கால்களைத் தனி டின்னில் போடுங்கள், பித்தளைக்குத் தனி விலை உண்டு.

விலை நாளுக்கு நாள் மாறும். லண்டன் உலோகச் சந்தையில் ஒரு டன் செம்பு எத்தனை அமெரிக்க டாலர் என்று பார்த்து, ஆயிரத்தால் வகுத்து, அன்றைய ரிங்கிட் மாற்று விகிதத்தால் பெருக்கினால் கிலோவுக்கு உச்ச விலை தெரியும். கடை விலை அதற்குக் கீழேதான் இருக்கும். எவ்வளவு கீழே என்பது கடைக்குக் கடை வேறு. பிறையில், பட்டர்வொர்த்தில், பினாங்குத் தீவில் என்று ஒரே நாளில் மூன்று கடைக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு லோரியை எடுங்கள்.

செம்புதானா என்று பாருங்கள்

முனையை வெட்டி, வெட்டுவாயைப் பாருங்கள். கத்தியால் சுரண்டுங்கள். மேலே சிவப்பு, சுரண்டினால் வெள்ளை என்றால் அது செம்பு பூசிய அலுமினியம். மலிவான லேன் கேபிளிலும் ஸ்பீக்கர் வயரிலும் நிறைய வருகிறது. மேலே வெள்ளை, சுரண்டினால் சிவப்பு என்றால் வெள்ளீயம் பூசிய செம்பு. அது நல்ல பொருள்தான், ஆனால் தரம் ஒருபடி இறங்கும். காந்தத்தில் ஒட்டினால் உள்ளே எஃகு. தொலைக்காட்சி டிஷ்ஷிலிருந்து இறங்கும் கோஆக்சியல் கேபிளின் நடுக்கம்பி பல நேரம் இப்படித்தான் இருக்கும். அதை உரிக்க உட்காராதீர்கள். அலுமினியம் கலந்த ஒரு பிடி கம்பி நல்ல செம்புச் சாக்குக்குள் போனால், தவுக்கே (கடை முதலாளி) சாக்கையே கீழ்த்தரத்துக்குத் தள்ளிவிடுவார்.

சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ வயரைக் கழற்றும் வேலை தகுதிச் சான்று பெற்ற வயர்மேனுடையது. எரிசக்தி ஆணையத்தில் பதிந்தவரை வைத்துச் செய்யுங்கள். கழற்றிக் கீழே கிடக்கும் வயரில் மட்டும் கை வையுங்கள். ஒரு முனை இன்னும் கூரைக்குள் போகிறது என்றால் டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் வெட்டக்கூடாது. மெயின் சுவிட்சை அடைத்தாலும் பக்கத்து வீட்டிலிருந்து யாரோ இழுத்த இணைப்பு உயிரோடு இருக்கலாம். வரிசைக் கடைவீடுகளில் இதை எதிர்பார்த்தே வேலை செய்ய வேண்டும்.

கட்டை: கையால் உரிக்கும் அமைப்பு

இயந்திரம் வாங்குமுன் மரக்கட்டையில் ஒன்று செய்து பாருங்கள். மாதத்துக்கு இருபது முப்பது கிலோவுக்குள் என்றால் இதுவே போதும்.

கெட்டியான மரத்துண்டு ஒன்று, 5 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 4 செ.மீ. உயரம். செங்கால் மரத்துத் துண்டு கிடைத்தால் நல்லது. மென்மரத்தில் துளை நாளடைவில் முட்டை வடிவமாகிவிடும். நீளவாக்கில், மேல் பக்கத்திலிருந்து ஒரு செ.மீ. கீழே, நேராக ஒரு துளை போடுங்கள். துளையின் அளவு வயரின் வெளிவிட்டத்தைவிட அரை மி.மீ. அதிகம் இருக்கட்டும். 1.5 வயருக்கு 3.5, 2.5 வயருக்கு 4, 4 சதுர மி.மீ. வயருக்கு 5, 16-க்கு 8.5 மி.மீ. பிட். வளைவுகளில் சிக்காமல் போகவேண்டுமே என்று இதைவிடப் பெரிதாகப் போட்டால் வயர் உள்ளே உருளும், வெட்டு திருகுபோல் சுற்றிக்கொண்டு போகும்.

வயர் வெளியேறும் முனையில், மேலிருந்து துளை வரை, துளையின் நடுக்கோட்டில் ஒரு பிளவு அறுங்கள். ஹேக்சா போதும், 2 செ.மீ. நீளம் வேண்டும். அதில் 18 மி.மீ. கட்டர் பிளேடின் ஒரு துண்டைச் சாய்வாக இறக்குங்கள். கூர்ப்பக்கம் வயர் வரும் திசையைப் பார்க்க வேண்டும். பிளேடு அரை மி.மீ. தடிப்பு, ஹேக்சா பிளவு அதைவிட அகலம். ஆகவே குளிர்பான டின்னிலிருந்து வெட்டிய தகட்டை இருபுறமும் வைத்து, குறுக்கே ஒரு போல்ட் விட்டு இறுக்குங்கள்.

எவ்வளவு ஆழம் இறக்குவது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். 1.5 வயரின் தோல் 0.7 மி.மீ., 2.5 முதல் 6 வரை 0.8 மி.மீ., 10-க்கும் 16-க்கும் 1 மி.மீ. பிளேடு அவ்வளவுதான் துளைக்குள் நீட்ட வேண்டும் என்று வைத்தால் தோலில் கோடு மட்டும் விழும். காரணம், பிளேடு வயரைத் துளையின் அடிப்பக்கம் தள்ளிவிடுகிறது. மேலே இடைவெளி மிஞ்சுகிறது. ஒற்றைக் கம்பி 2.5 வயரின் வெளிவிட்டம் சுமார் 3.4 மி.மீ. 4 மி.மீ. துளையில் 0.6 இடைவெளி. அதோடு தோலின் 0.8-இல் ஒரு மயிரிழை குறைத்து 0.7. ஆக, நுனி துளைக்குள் 1.3 மி.மீ. நீட்ட வேண்டும். இதை ஸ்கேலால் அளக்க முடியாது. 2.5 மி.மீ. டிரில் பிட்டின் தண்டைத் துளையின் அடியோடு ஒட்டி உள்ளே விடுங்கள். அது பிளேடின் கீழே தாராளமாகப் போக வேண்டும். 3 மி.மீ. பிட் இடிக்க வேண்டும். இரண்டும் சரியாக நடந்தால் ஆழம் சரி.

கட்டையை மேசையில் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். வயரை 3, 4 மீட்டராக வெட்டி, ஒரு தூணைச் சுற்றிப் பிடித்து இழுத்து நேராக்குங்கள். முதல் 10 செ.மீ.யை கத்தியால் உரித்து, வெறும் செம்பைத் துளைக்குள் விட்டு, மறுபுறம் பிளையரால் பிடித்து, நிதானமாகப் பின்னால் நடந்து இழுங்கள். தோல் வாயைப் பிளந்துகொண்டு வரும், விரலால் வாங்கிவிடலாம். உடம்பை வயரின் நேர்கோட்டில் வைக்காமல் சற்றே ஒதுங்கி நில்லுங்கள். வயர் அறுந்தால் முனை முகத்துக்குத்தான் வரும். வெட்டுத்தாங்கும் கையுறையும் கண்ணாடியும் இந்த வேலைக்குக் கட்டாயம்.

பிவிசி தோல் சூட்டில் இளகும். பத்து மணிக்கு மேல் ஏறும் வெயிலில் அரைமணி நேரம் சிமெண்டுத் தரையில் விரித்துவிட்டு உரித்தால் பாதி பலம் போதும். வெந்நீரில் ஊறவைக்கச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம், ஈரம் பட்ட செம்பு கறுக்கும்.

இயந்திரத்தில் உரிக்கும்போது

பல்லுள்ள உருளை இழுக்க, வட்டப் பிளேடு கிழிக்கும் சிறு இயந்திரம் கைப்பிடியோடு வருகிறது. கைப்பிடியைக் கழற்றிவிட்டு டிரில்லையும் மாட்டலாம். டிரில் குறைந்த கியரில் இருக்கட்டும், கிளட்சையும் தளர்த்தி வையுங்கள். டேப் சுற்றிய ஜாயிண்ட் ஏதாவது சிக்கினால் கிளட்ச் வழுக்கும். கிளட்ச் இறுக்கமாக இருந்தால் டிரில்லே உங்கள் மணிக்கட்டைத் திருப்பிவிடும். இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: கட்டைக்குக் கையுறை, இயந்திரத்துக்குத் தொளதொளப்பான கையுறை கூடாது. உருளைப் பல் துணியைக் கவ்வினால் விரலும் கூடவே போகும். மோதிரம், கைக்கயிறு, நீளக்கை சட்டை எல்லாம் கழற்றுங்கள்.

30 செ.மீ. துண்டை விட்டுப் பார்த்து ஆழத்தைச் சரி செய்யுங்கள். உரித்த செம்பில் நீளவாக்கில் ஒரு கோடு தெரிந்தால், இயந்திரத்தின் கீழே சிவப்புத் தூள் விழுந்தால், பிளேடு செம்பைத் தின்கிறது. எடையும் போகிறது, பிளேடும் மழுங்குகிறது. தோல் கிழியாமல் தடம் மட்டும் விழுந்தால் ஆழம் போதாது, அல்லது பிளேடின் கூர் போய்விட்டது. ஒரு அளவை முடித்துவிட்டு அடுத்த அளவுக்குப் போங்கள். 1.5-ஐயும் 4-ஐயும் மாற்றி மாற்றி விட்டால் பாதி நேரம் திருகைத் திருப்புவதிலேயே போகும்.

16 சதுர மி.மீ.க்கு மேல் கனமான மெயின் வயருக்கு எந்த அமைப்பும் தேவையில்லை. ஒரு கிலோவுக்கு ஐந்தரை மீட்டர்கூட வராது. மேசையில் அழுத்திப் பிடித்து, கத்தியை உடம்புக்கு வெளியே நோக்கித் தள்ளி ஒரே கீறு. தோல் கழன்றுவிடும்.

கவச கேபிள், பழைய கடைவீட்டு வயர்

எஃகுக் கம்பி சுற்றிய கவச கேபிள் தொழிற்சாலை இடிப்புகளில் வரும். பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைப் பக்கம் கட்டடம் புதுப்பிக்கிறவர்களிடம் கேட்டால் கிடைக்கும். 50 செ.மீ. துண்டுகளாக வெட்டி, வெளித்தோலை நீளவாக்கில் கீறி உரித்தால் எஃகுக் கம்பிகள் தாமாகவே பிரியும். அதை இரும்பாக விற்கலாம். உள்ளே இருக்கும் கடினமான தோல் எக்ஸ்எல்பிஇ (குறுக்கே பிணைத்த பாலிஎத்திலீன்) வகை. இது வெயிலில் பிவிசி அளவுக்கு இளகாது, பிளேடை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.

ஜார்ஜ்டவுனில் யுனெஸ்கோ பட்டியலில் 2008-இல் சேர்ந்த பழைய நகரப் பகுதியில் கடைவீடுகளைப் புதுப்பிக்கும்போது வேறு மாதிரி வயர் வெளியே வரலாம்: பிவிசி வருவதற்கு முந்தைய, பருத்தி நூல் பின்னிய ரப்பர் வயர். ரப்பரைக் கெட்டியாக்கச் சேர்த்த கந்தகம் செம்பை அரிக்கும் என்பதால் அந்தக் காலத்தில் கம்பிக்கு வெள்ளீயம் பூசினார்கள். எனவே அது சுத்தச் செம்பு என்றாலும் பளபளப்புத் தரத்தில் சேராது, தனிச் சாக்கில் வையுங்கள். ரப்பர் காய்ந்து பொடியாக உதிரும், கையாலேயே நொறுக்கலாம். ஆனால் அந்தப் பொடியை மூச்சில் இழுக்காதீர்கள். காரீயக் குழாய்போல் உறையிட்ட கேபிள் வந்தால் நகத்தால் கீறிப் பாருங்கள், மெத்தென்று வெள்ளிபோல் மின்னினால் காரீயம். அதை ரம்பத்தால் அறுக்கவோ உருக்கவோ கூடாது, கத்தியால் கீறித் தகடாக உரித்துத் தனியே விற்கவேண்டும். பழைய பிவிசி தோலிலும் நிலைநிறுத்தக் காரீய உப்பு சேர்த்திருப்பார்கள். வேலை முடியும்வரை தேத்தண்ணியோ சிகரெட்டோ கையில் வரக்கூடாது. சோப்புப் போட்டுக் கைகழுவி, சட்டையை மாற்றிவிட்டுத்தான் பிள்ளைகளைத் தூக்க வேண்டும்.

எரிக்கவே எரிக்காதீர்கள்

ஒரு தகரப் பீப்பாயில் போட்டுக் கொளுத்தினால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிவிசி எரிந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை வரும், நுரையீரலைச் சுடும். புகை ஆறும்போது, 200 முதல் 400 டிகிரி வெப்பத்தில், குளோரினும் கரியும் சேர்ந்து டையாக்சின் உருவாகிறது. அதைத் தூண்டிவிடும் வினையூக்கி செம்பேதான். அதனால் வயர் எரிப்பது சாதாரணக் குப்பை எரிப்பதைவிட மோசம். புகை காற்றோடு கலைந்தாலும் டையாக்சின் மண்ணில் தங்கும், பக்கத்து வீட்டுக் கோழி முட்டை வரை போகும். 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம், 29ஏ பிரிவின்கீழ் திறந்தவெளி எரிப்பு குற்றம்.

காசுக் கணக்கிலும் நட்டம். எரிந்த செம்பு கறுத்து, செதில் பிடித்து, முதல் தரத்திலிருந்து இரண்டாம் தரத்துக்கு இறங்கிவிடும். மெல்லிய இழைகள் எரிந்து உதிர்ந்தே போகும்.

தரம் பிரித்து விற்பது

உலகச் சந்தையில் பழஞ்செம்புக்கு அமெரிக்க வணிகர்கள் வைத்த பெயர்கள்தான் ஓடுகின்றன. பூச்சில்லாத, கறுக்காத, பளபளக்கும் கம்பி பார்லி. அதற்கு 16 கேஜ், அதாவது சுமார் 1.29 மி.மீ.க்குக் குறையாத தடிப்பு கேட்பார்கள். ஒற்றைக் கம்பி 1.5 வயரின் கம்பி 1.38 மி.மீ., 2.5-இன் கம்பி 1.78 மி.மீ., இரண்டும் தேறும். ஏழு இழை 2.5 வயரில் ஒவ்வோர் இழையும் 0.67 மி.மீ.தான். கண்டிப்பான கடையில் அது தேறாது, தாராளமான கடையில் தேறும். ஆகவே ஒற்றைக் கம்பியையும் இழைக் கம்பியையும் வீட்டிலேயே தனித்தனிச் சாக்கில் போடுங்கள். கலந்து கொண்டுபோனால் தேறும் கம்பிக்கும் தேறாத விலைதான். இரண்டாம் தரத்தின் பெயர் பர்ச், செம்பு குறைந்தது 94 விழுக்காடு வேண்டும். வெள்ளீயம் பூசியது, பற்றவைத்தது, கறுத்தது எல்லாம் அங்கே போகும்.

முனைகளில் லக் (வயரை மாட்டும் உலோக முனை), சால்டர், பச்சைக் களிம்பு இருந்தால் இரண்டு விரற்கடை வெட்டி இரண்டாம் தரத்தில் போடுங்கள். பழைய பிவிசி வயரில் சில நேரம் பச்சைப் பிசின் கசியும். தோலை மிருதுவாக்கச் சேர்த்த எண்ணெய் செம்போடு சேர்ந்து வழிவது அது. துணியால் துடைத்துவிட்டு இரண்டாம் தரத்தில்தான் வைக்க வேண்டும்.

உரித்த செம்பை வாரக்கணக்கில் வைக்காதீர்கள். பினாங்கின் உப்புக் காற்றும் வியர்வைக் கையும் போதும், பளபளப்பு மங்கிவிடும். விலை ஏறட்டும் என்று காத்திருப்பதாக இருந்தால் உரிக்காமல் வையுங்கள், தோல்தான் செம்புக்கு நல்ல பாதுகாப்பு. விற்கப்போகும் நாளுக்கு முந்தின நாள் உரித்து, காய்ந்த பிளாஸ்டிக் சாக்கில் கட்டுங்கள்.

கடையில் தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள். ஒவ்வொரு தரத்தையும் தனித்தனியே நிறுக்கச் சொல்லுங்கள். வீட்டில் நிறுத்த எடையைச் சாக்கின்மேல் எழுதிக்கொண்டு போவது நல்ல பழக்கம். சாக்கு எடைக்காகக் கழிப்பது நூறு இருநூறு கிராமுக்குமேல் போனால் காரணம் கேளுங்கள். ரசீதில் தரம், எடை, கிலோ விலை மூன்றும் இருக்கட்டும்.

மிஞ்சுவது தோல். அதைக் குப்பையோடு கொட்டுமுன் ஒரு வாளித் தண்ணீரில் ஒரு பிடி போடுங்கள். பிவிசி மூழ்கும், பாலிஎத்திலீனும் எக்ஸ்எல்பிஇயும் மிதக்கும். மூழ்கியதைத் துகள் இல்லாமல், நிறம் பிரித்து, கருப்பைத் தனியாக வைத்தால் பிளாஸ்டிக் வாங்கும் சில கடைகள் எடுத்துக்கொள்ளும். எக்ஸ்எல்பிஇ மறுபடி உருகாது, அதற்கு ஆள் கிடைப்பது அரிது. வாளியின் அடியில் சிவப்பு இழைகள் மின்னினால் உங்கள் பிளேடு இன்னும் ஆழமாகத்தான் இருக்கிறது. அடுத்த சாக்குக்கு முன் திருகைக் கால் சுற்று தளர்த்துங்கள்.